திடீரென மங்கும் ஒரு கண்... பார்வை நரம்பு அழற்சிக்கு மாத்திரை மட்டும் போதுமா?

"நேத்து வரைக்கும் நல்லாத்தானே தெரிஞ்சது!" ஒரு கண்ணில் மட்டும் பார்வை மங்கி, கண்ணை அசைத்தாலே வலி எடுத்து, சிவப்பு நிறம் வெளுத்துப்போனது மாதிரி தெரிந்தால், அது பார்வை நரம்பு அழற்சியாக இருக்கலாம். கண்ணையும் மூளையையும் இணைக்கும் நரம்பில் ஏற்படும் பாதிப்பு இது. 20 முதல் 40 வயதுப் பெண்களிடம் அதிகம் காணப்படுகிறது.

சிகிச்சை ஸ்டீராய்டுதான். அப்போ மாத்திரையே போதுமே, ட்ரிப்ஸ் எதுக்கு? அமெரிக்காவில் 457 பேரிடம் நடந்த ஆய்வின் முடிவு 1992-ல் வெளியானபோது டாக்டர்களே ஆச்சரியப்பட்டார்கள். வழக்கமான அளவில் ஸ்டீராய்டு மாத்திரை மட்டும் சாப்பிட்டவர்களுக்கு நோய் திரும்ப வருவது அதிகமாக இருந்தது. அதுவும் மருந்தே இல்லாத போலி மாத்திரை சாப்பிட்டவர்களைவிட!

3 நாள் ட்ரிப்ஸில் மெத்தில்பிரெட்னிசோலோன், பிறகு 11 நாள் மாத்திரை என எடுத்தவர்களுக்குப் பார்வை சீக்கிரம் திரும்பியது. ஆனால் ஓராண்டு கழித்துப் பார்த்தால், மூன்று தரப்பின் பார்வையிலும் பெரிய வித்தியாசம் இல்லை.

தானாவே சரியாகும்னா எதுக்கு அவசரம்? எல்லாமே அந்த ரகம் இல்லை என்பதுதான் சிக்கல். அக்வாபோரின்-4 என்ற புரதத்தை உடலின் எதிர்ப்பு சக்தியே தாக்கும் வகையில், தாமதித்தால் பார்வை நிரந்தரமாகப் போகலாம். ஸ்டீராய்டு பலன் தராவிட்டால், ரத்தத்தின் பிளாஸ்மாவை மாற்றும் சிகிச்சை தேவைப்படும். எந்த வகை என்பதைக் கண்டறியத்தான் எம்ஆர்ஐ ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும்.

பழைய சீட்டைக் காட்டி மெடிக்கலில் ஸ்டீராய்டு வாங்கிப் போடுவது ஆபத்து. சுகர் உள்ளவர்களுக்கு அளவு எகிறிவிடும்.