விளக்கெண்ணெய் மணக்கும் விமானம்

ராஜாக்களுக்கும் யுத்தங்களுக்கும் சரித்திரம் எழுதிய பிறகு மிஞ்சுகிற காகிதத்தில்கூட நாம் விளையாட்டுச் சாமான்களைப் பற்றி எழுதுவதில்லை. ஆனால் ஆகாய விமானத்தின் வம்சாவளியைப் புரட்டினால் ஒரு வேடிக்கை தெரிகிறது. அந்தக் குடும்பத்தில் விளையாட்டு விமானம்தான் மூத்த பிள்ளை. எஞ்சின் பூட்டி மனிதன் ஏறிப் பறந்த விமானம் வெகுகாலம் கழித்துப் பிறந்த தம்பி.

1871-ஆம் வருஷம் பாரிஸ் நகரத்துப் பூங்கா ஒன்றில் அல்போன்ஸ் பெனோ என்ற இளைஞர், முறுக்கிய ரப்பர் நாடாவின் பலத்தால் ஒரு குட்டி விமானத்தை 11 விநாடி பறக்க விட்டார். 1896-ல் அமெரிக்காவில் ஸாமுவேல் லாங்லி என்ற விஞ்ஞானி, நீராவி எஞ்சின் பூட்டிய மாதிரி விமானத்தைப் பொடோமாக் நதியின்மேல் சுமார் ஒரு கிலோமீட்டர் தூரம் செலுத்தினார். 1901-ல் அவருடைய இன்னொரு மாதிரி, பெட்ரோலில் பறந்தது. தைரியம் வந்துவிட்டது. 1903-ல் ராணுவ இலாகாவின் பணத்தில் அதையே பெரிதாகச் செய்து ஓர் ஆளையும் ஏற்றினார். இரண்டு தடவையும் அது நதியில் விழுந்தது. இரண்டாவது தடவை விழுந்த ஒன்பதாம் நாள் ரைட் சகோதரர்கள் பறந்துவிட்டார்கள்.

விஞ்ஞானிக்கு நீராவியும் பெட்ரோலும் கிடைத்தன. பள்ளிக்கூடப் பையனோ பல வருஷம் ரப்பர் நாடாவோடுதான் காலம் தள்ளினான். 1930-களின் தொடக்கத்தில் பிலடெல்பியாவைச் சேர்ந்த பில் பிரௌன் என்ற இளைஞர் 10 கன சென்டிமீட்டர் கொள்ளளவில், அதாவது இரண்டு தேக்கரண்டி இடத்துக்குள், ஒரு பெட்ரோல் எஞ்சினைச் செய்து முடித்தார். அதைப் பூட்டிய மாக்ஸ்வெல் பாஸெட்டின் விமானம் 1933-ஆம் வருஷத் தேசியப் போட்டியில் ரப்பர் விமானங்களைத் தோற்கடித்தது. அப்புறம் பெட்ரோல் விமானங்களுக்கென்று தனிப் பந்தி போட வேண்டியதாயிற்று!

ஆனால் அந்த எஞ்சினுக்குத் தீப்பொறி வேண்டும். தீப்பொறிக்குப் பாட்டரி, கம்பிச்சுருள், கண்டென்ஸர் எல்லாம் வேண்டும். மாப்பிள்ளையோடு சம்பந்தி வீட்டார் அத்தனை பேரும் வண்டியில் ஏறிக்கொண்ட மாதிரி, இந்தப் பரிவாரத்தையும் விமானமே சுமந்தாக வேண்டும். 1947-ல் ரே ஆர்டன் என்ற அமெரிக்கர் பரிவாரம் முழுவதையும் கீழே இறக்கிவிட்டார். அவர் விற்பனைக்குக் கொண்டுவந்த கனல் பிளக்கில் இருந்தது ஒரு சிறு பிளாட்டினக் கம்பிச்சுருள்தான். தொடங்கும்போது மட்டும் ஒன்றரை வோல்ட் மின்சாரம் கொடுத்தால் போதும். எஞ்சின் ஓடத் தொடங்கியதும் பாட்டரியைக் கழற்றி விடலாம். மெதனால் ஆவி பிளாட்டினத்தில் படும்போது உண்டாகும் வெப்பமும், எஞ்சினுக்குள் எரியும் வெப்பமும் சேர்ந்து கம்பியை அணையாமல் வைத்திருக்கும்.

மெதனாலோடு என்ன கலந்தார்கள் தெரியுமா? விளக்கெண்ணெய்! பாட்டிமார் மாதம் ஒரு முறை நம் வாயில் ஊற்றிய அதே சரக்குதான். கடுஞ்சூட்டிலும் வழவழப்புக் கெடாத குணம் அதற்கு உண்டு. முதல் உலக யுத்த விமானங்கள் பலவற்றிலும் அதுவே ஊற்றப்பட்டது.

இனி எஞ்சினைக் கிளப்ப வேண்டும். ஊசித் திருகைச் சில சுற்றுத் திறந்து, காற்றுத் துவாரத்தை விரலால் அடைத்து, விசிறியை இரண்டு சுற்றுச் சுற்றி எரிபொருளை உள்ளே இழுக்க வேண்டும். பிறகு பாட்டரியை மாட்டி விசிறியைச் சுண்ட வேண்டும். விரலைச் சட்டென்று இழுத்துக்கொள்ளாவிட்டால் விசிறி வெட்டிவிடும்! கிளம்பவில்லை என்று மேலும் மேலும் எரிபொருளை ஊட்டினால் அதற்கு மூச்சு முட்டும். பிளக்கைக் கழற்றி, உள்ளே தேங்கியதை வெளியேற்றிவிட்டு மறுபடியும் ஆரம்பிக்க வேண்டியதுதான். கோபித்துக்கொள்கிறவனுக்கு அது கிளம்பாது. புது எஞ்சினாக இருந்தால், முதலில் எரிபொருளைத் தாராளமாக விட்டு நிதானமாக ஓட்டிப் பழக்க வேண்டும்.

ஆனால் என்னைக் கேட்டால், உண்மையான பரீட்சை எஞ்சின் நின்ற பிறகுதான். மெதனால் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். உள்ளே துரு ஏறும். மிஞ்சிய விளக்கெண்ணெய் நாளடைவில் கோந்தாக இறுகும். ஆகவே அன்றைய ஆட்டம் முடிந்ததும் மீந்த எரிபொருளை எரித்துத் தீர்த்து, துடைத்து, நல்ல எண்ணெய் நாலு சொட்டு விட்டுச் சுற்றி வைக்க வேண்டும். மைதானத்தில் கைதட்டல் அடங்கி, பார்க்க ஒருவரும் இல்லாத நேரத்தில் செய்கிற வேலை இது. நாளைக்கு எஞ்சின் கிளம்புமா என்பது இன்று மாலையே தீர்மானமாகிவிடுகிறது.

இந்தப் பொறுமை எவ்வளவு தூரம் கொண்டு போகும்? 2003 ஆகஸ்டில் மேனார்ட் ஹில் என்ற அமெரிக்கர் அதற்குப் பதில் சொன்னார். வயது 77, பார்வை பெரும்பாலும் போய்விட்டது, காதும் மந்தம். முந்தைய முயற்சிகள் தோற்றிருந்தன. எரிபொருளோடு சேர்த்து 5 கிலோவுக்கும் குறைவான அவருடைய விமானம், 10 கன சென்டிமீட்டர் எஞ்சினோடு கனடாவின் நியூபவுண்ட்லாந்தில் கிளம்பி, சுமார் 39 மணி நேரம் இடைவிடாமல் ஓடி, அட்லாண்டிக் சமுத்திரத்தைத் தாண்டி அயர்லாந்தில் இறங்கியது. தூரம் ஏறத்தாழ 3,000 கிலோமீட்டர். 1919-ல் சமுத்திரத்தை முதன்முதலில் இடைநில்லாமல் கடந்த ஆல்காக்கும் பிரௌனும் இறங்கியதும் அதே கிளிப்டன் ஊர்ப் பக்கம்தான்.

இப்போது பெரும்பாலான மாதிரி விமானங்களை மின்சார மோட்டார் சுழற்றுகிறது. பொத்தானை அழுத்தினால் பறக்கிறது. விரலும் பிழைத்தது; சட்டையில் எண்ணெயும் படுவதில்லை. சௌகரியத்தைக் குறை சொல்ல நான் யார்? ஆனால் தாத்தாவின் அலமாரியில் அந்தப் பழைய எஞ்சின் ஒன்று எந்தப் பேரனுக்காவது அகப்பட்டால், விசிறியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்க்கட்டும். வழவழவென்று சுழன்றால், கடைசியாக அதை ஓட்டியவர் எப்பேர்ப்பட்ட மனிதர் என்று அவனுக்குத் தெரிந்துவிடும்.