சும்மா ஆப்பரேட்டர்

சுங்கை புரோங்கில் நான் சின்னப் பையனாக இருந்தபோது எங்கள் வீட்டுக்குக் கடிகாரம் ஃபேக்டரி பஸ்தான். விடியற்காலை நாலரை மணிக்கு, நெல்வயல்கள் இருட்டில் கிடக்கும்போதே, ஐந்தாம் எண் கூட்டரசு சாலையில் அது வந்து நிற்கும். தஞ்சோங் காராங், கோல சிலாங்கூர், ஜெராம், காப்பார் என்று வழி நெடுக ஆள் ஏற்றிக்கொண்டு ஷா ஆலாம் போகும். 1988 முதல் 2011 வரை அம்மா அந்த பஸ்ஸில் போய் வந்தார். என்ன வேலை என்று யார் கேட்டாலும் அவரிடம் ஒரே பதில்தான். "சும்மா ஆப்பரேட்டர்தாங்க."

உள்ளூர் பல்கலைக்கழகத்தில் மின்பொறியியல் முடித்து, நானும் ஒரு ஆலையில் பொறியாளராகச் சேரும்வரை, அந்தச் 'சும்மா'வை நானும் நம்பிக்கொண்டிருந்தேன்.

வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் மாதம். மோட்டாரையும் ரிலேயையும் இணைக்கும் ஒரு வயர் தொகுப்பு இழுவைச் சோதனையில் தொடர்ந்து தோற்றுக்கொண்டிருந்தது. முனையை இறுக்கும் கிரிம்ப் மெஷினைத்தான் சந்தேகப்பட்டேன். இரண்டு நாள் அழுத்தத்தை மாற்றி மாற்றி அளந்து பார்த்தேன். ஒன்றும் பிடிபடவில்லை. வரிசையில் நின்ற ஒரு அக்கா என்னைக் கூப்பிட்டு, "தம்பி, மெஷின் நல்லாதான் இருக்கு. வயர உரிக்கிற பிளேடப் பாருங்க. செம்புல படுது, சத்தமே வேற மாதிரி வருது" என்றார். பூதக்கண்ணாடியில் வைத்துப் பார்த்தேன். ஒவ்வொரு வயரிலும் இரண்டு மூன்று செம்பு இழைகள் கீறப்பட்டிருந்தன. கீறிய இழை அன்றே அறுந்துவிடாது. மோட்டார் அதிர அதிர ஒவ்வொன்றாக அறும். மிஞ்சிய இழைகள் மொத்த மின்னோட்டத்தையும் சுமந்து சூடேறும். ஒரு நாள் யாரோ ஒருவர் வீட்டில் அது கருகும்.

அன்று இரவு அம்மாவிடம் இதைச் சொன்னேன். அவர் சிரித்தார். மேசையில் கிடந்த துண்டு வயரை எடுத்து, காய்கறிக் கத்தியால் சுற்றி ஒரு கீறு கீறி இழுத்தார். பிளாஸ்டிக் உறை கழன்று வந்தது. செம்பில் ஒரு கோடுகூட இல்லை. "தோல மட்டும்தான் வெட்டணும். உள்ள பட்டா கைக்கே தெரிஞ்சிரும். ஒங்க பாட்டி மரத்துக்குச் சொல்றது இதுக்கும்தான்" என்றார்.

பாட்டி தோட்டத்தில் மரம் வெட்டியவர். மரம் வெட்டுவது என்றால் மரத்தைச் சாய்ப்பதல்ல. ரப்பர் மரத்தின் பட்டையைச் சீவிப் பால் எடுப்பது. 1890களில் சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவில் ஹென்றி ரிட்லி வகுத்த முறை அது. முதல் நாள் வெட்டிய கோட்டிலேயே மறுநாளும் மெல்லிய சீவல் ஒன்றை எடுக்க வேண்டும். பால் குழாய்கள் பட்டையின் உட்பகுதியில்தான் அதிகம். அதனால் ஆழமாகச் சீவினால்தான் பால் வரும். ஆனால் அதற்கும் உள்ளே பட்டைக்கும் கட்டைக்கும் நடுவில் மரத்தை வளர்க்கும் ஒரு மெல்லிய படலம் இருக்கிறது. கத்தி அதைத் தொட்டால் மரம் காயப்பட்டு முடிச்சு விழும். பிறகு அந்த இடத்தில் சரியாக வெட்ட வராது. ஒரு மில்லிமீட்டர் அளவுக்குப் பட்டையை மிச்சம் விடவேண்டும். விடியாத இருட்டில், நெற்றி விளக்கில், நூற்றுக்கணக்கான மரங்களில்.

இந்தத் திறன் ஒரே தலைமுறையில் விலை இல்லாமல் போனது. நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் எங்கள் மாவட்டத்தில்தான் தொடங்கியது. 1917ல் தென்னமரம் தோட்டத்தில் பிரெஞ்சுக்காரர் ஹென்றி ஃபோக்கோனியே போட்ட தோட்டம் அது. ஆனால் ரப்பர் தோட்டங்கள் பெருமளவில் செம்பனைக்கு மாறியது 1960களுக்குப் பிறகுதான். செம்பனைக்கு ஏக்கருக்குத் தேவைப்படும் ஆட்கள் குறைவு. குலை அறுப்பது ஆண்கள் வேலையானது. பெண்களுக்கு உதிரிப் பழம் பொறுக்குவதும், புல் வெட்டுவதும், மருந்து அடிப்பதும் மிஞ்சின. பாட்டியின் கத்திக்கு அங்கே வேலை இல்லை.

அதே காலத்தில்தான் ஆலைகள் வந்தன. 1971ல் சுதந்திர வர்த்தக மண்டலச் சட்டம் வந்தது. பினாங்கில் பாயான் லெப்பாஸும் சிலாங்கூரில் சுங்கை வேயும் திறந்தன. இந்தெல் தன் முதல் வெளிநாட்டு ஆலையை 1972ல் பினாங்கில் அமைத்தது. ஆலைகளுக்குப் பெண்கள் தேவைப்பட்டார்கள், அதுவும் இரவிலும். ஆனால் 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 34ஆம் பிரிவு, இரவு பத்திலிருந்து காலை ஐந்து வரை பெண்களை ஆலையில் வேலை வாங்கக்கூடாது என்றது. சட்டம் அப்படியே இருந்தது. ஆலைகளுக்கு விதிவிலக்கு கொடுக்கப்பட்டது. கம்பத்துப் பெண்களும் தோட்டத்துப் பெண்களும் ஒரே பஸ்ஸில் ஏறினார்கள்.

முதலீட்டாளர்களை அழைக்க அச்சடித்த கையேடுகளில் இந்தப் பெண்களின் சின்னக் கைகளும் வேகமான விரல்களும் புகழப்பட்டன. பிறவியிலேயே வந்த வரம் போல. 1981ல் டயான் எல்சன், ரூத் பியர்சன் என்ற இரு ஆய்வாளர்கள் இதை மறுத்து எழுதினார்கள். அந்த விரல்களுக்கு வீட்டில், தையலில், சின்ன வயதிலிருந்தே பயிற்சி கிடைத்திருக்கிறது. வீட்டில் கிடைத்த பயிற்சி என்பதால் அது யார் கண்ணுக்கும் படவில்லை. கண்ணில் படாததைத் திறன் என்று எண்ணவில்லை. திறன் இல்லை என்றால் சம்பளமும் குறைவு. அவர்கள் வாதம் இதுதான். படித்தபோது எனக்குப் பாட்டியின் கத்தி ஞாபகம் வந்தது. எங்கள் பெண்கள் ஆலைக்கு வெறுங்கையோடு போகவில்லை.

விரலுக்குக் கொடுத்த பெயர் ஒரு சிக்கல் என்றால், துறைக்குக் கொடுத்த பெயர் இன்னொன்று. மின்சாரத் தொழில்துறை ஊழியர்களுக்கு ஏற்கெனவே ஒரு சங்கம் இருந்தது. 1970களில் அது மின்னணு ஆலைத் தொழிலாளர்களையும் சேர்க்க முயன்றபோது, மின்சாரம் வேறு, மின்னணு வேறு என்று சொல்லித் தொழிற்சங்கப் பதிவாளர் மறுத்துவிட்டார். அம்மா பூட்டிய பெட்டியில் மோட்டாரை இயக்கும் ரிலேயும் இருந்தது, சில்லு பதித்த அட்டையும் இருந்தது. இரண்டையும் ஒரே கைதான் பூட்டியது. அந்தக் கை எந்தத் துறை? அம்மா வேலைக்குச் சேர்ந்த 1988ல், மின்னணுத் துறையில் ஆலைக்கு ஆலை தனித்தனி உட்சங்கம் மட்டும் அமைக்கலாம் என்று அரசாங்கம் சொன்னது. வட்டார அளவில் சங்கங்களுக்கு இடம் கிடைக்கும்போது அம்மா வேலையை விடும் காலம் வந்துவிட்டது.

உலகத் தொழிலாளர் அமைப்பின் தொழில் வகைப்பாட்டில் மின்சார, மின்னணுச் சாதனங்களைப் பூட்டுபவருக்கு 8212 என்று எண். திறன் நிலை நான்கில் இரண்டு. எடுபிடி வேலைகளெல்லாம் வேறு பிரிவில், முதல் நிலையில் இருக்கின்றன. ஏட்டின்படியே அம்மா 'சும்மா' இல்லை. படம் பார்த்துப் பாகம் அடையாளம் காண வேண்டும். திருகை எவ்வளவு முறுக்கினால் பிடிக்கும், எவ்வளவு முறுக்கினால் பிளாஸ்டிக் வெடிக்கும் என்று தெரிய வேண்டும். ஈயம் பளபளத்துப் பரவியிருக்கிறதா, மேலே ஒட்டிக்கொண்டு மட்டும் நிற்கிறதா என்று கண் சொல்ல வேண்டும். 2006ல் ஐரோப்பா ஈயம் கலந்த பற்றாசைத் தடை செய்தபோது, 183 பாகையில் உருகியதற்குப் பதிலாக 217 பாகையில் உருகும் கலவை வந்தது. பளபளப்பும் போய் மங்கலாகிவிட்டது. நல்ல ஒட்டு எது, கெட்ட ஒட்டு எது என்று கண்ணை மறுபடியும் பழக்க வேண்டியிருந்தது. "ஒரு மாசம் கனவுலகூட அதேதான்" என்றார் அம்மா.

2006ஆம் ஆண்டின் தேசியத் திறன் மேம்பாட்டுச் சட்டத்தின்கீழ், வகுப்புக்குப் போகாமலே அனுபவத்தை நிரூபித்துத் திறன் சான்றிதழ் பெற வழி இருக்கிறது. அம்மாவுக்காக பாரம் எடுத்து வந்தேன். செய்த வேலைக்கு ஆதாரம் வேண்டும். அம்மாவிடம் இருந்தது ஒரு பிஸ்கட் டின் நிறைய சம்பளச் சீட்டு. 23 வருடமும் அதே இரண்டு சொற்கள்: 'ஆப்பரேட்டர் பெங்கெலுவாரான்'. உற்பத்தி ஆப்பரேட்டர். என்ன பூட்டினார், எதைக் கண்டுபிடித்துத் திருத்தினார் என்பதற்கு ஒரு வரி இல்லை.

அப்போதுதான் என் ஆலையில் நான் எழுதிய வேலைக் குறிப்பு நினைவுக்கு வந்தது. 'பிளேடு ஒவ்வொரு ஷிப்டிலும் சோதிக்கப்பட வேண்டும்' என்ற புது விதி. தயாரித்தவர் என்ற கட்டத்தில் என் பெயர். அந்த அக்காவின் பெயர் எங்கும் இல்லை. அவருடைய சம்பளச் சீட்டிலும் அதே இரண்டு சொற்கள்தான் இருக்கும்.

மறுநாள் அந்தக் குறிப்பைத் திருத்தி, திருத்தத்துக்கான காரணம் என்ற கட்டத்தில், பிழையைக் கண்டுபிடித்தவர் என்று அவர் பெயரையும் ஊழியர் எண்ணையும் எழுதினேன். மேலாளர் இது வழக்கமில்லையே என்றார்; ஆனாலும் கையெழுத்துப் போட்டார். அக்காவிடம் ஒரு நகல் கொடுத்தேன். வாங்கி மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு கேட்டார்: "இத வச்சி என்னா தம்பி செய்றது?"

"பத்திரமா வைங்கக்கா," என்றேன். "பின்னால ஒரு பாரத்துல கேப்பாங்க."