சோற்றுப் பார்சலும் களனி ஆறும்

2017ஆம் ஆண்டு ஏப்ரல் 14. சித்திரைப் புத்தாண்டும் பெரிய வெள்ளியும் ஒரே நாளில் வந்தன. கொட்டாஞ்சேனையில் தேவாலய மணிகள் ஓய்ந்திருந்தன. வெள்ளவத்தையில் பலகாரத் தட்டுகள் வீட்டுக்கு வீடு போய்வந்துகொண்டிருந்தன. அன்று பிற்பகல், களனி ஆற்றுக்குத் தெற்கே கொலன்னாவையில், மீதொட்டமுல்ல குப்பைமேடு சரிந்து அடிவாரத்து வீடுகளின் மேல் விழுந்தது. புத்தாண்டுக்காகக் கூடியிருந்த குடும்பங்கள் குடும்பங்களாகவே புதைந்தன. 32 பேர் இறந்தார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட வீடுகள் சேதமடைந்தன.

அந்த மேடு தானாக வளர்ந்ததில்லை. கொழும்பு மாநகரம் நாள்தோறும் லொறியில் அனுப்பிவைத்த ஏறக்குறைய 800 தொன் கழிவு அங்கேதான் கொட்டப்பட்டது. மீன் செதில், தேங்காய் மட்டை, பழைய மெத்தை, இவற்றோடு கொழும்பில் வேலை பார்க்கும் எவர் கையிலும் பகல் பன்னிரண்டு மணிக்கு இருக்கும் ஒன்றும் அதில் கிடந்தது: சோற்றுப் பார்சல் சுற்றிய லஞ்ச் சீட். இலையிலிருந்து பொலித்தீனுக்கு வந்து, பொலித்தீனிலிருந்து மீள முடியாமல் தவிக்கும் இந்த ஒரு பொதியின் கதையைப் பின்தொடர்ந்தால், ஒரு நகரம் வாங்கியதும் தின்றதும் எறிந்ததும் எங்கே போய்ச் சேர்ந்தன என்பது விளங்கும்.

முதலில் இலை இருந்தது. வாழையிலையை அப்படியே மடித்தால் நரம்போடு கிழிந்துவிடும். அதனால் அடுப்பு அனலில் ஒரு புரட்டுப் புரட்டி வாட்டுவார்கள். பச்சை கறுத்து, இலை துணிபோல் துவண்டதும் சோற்றை வைத்துக் கட்டுவார்கள். மூடிய இலைக்குள் சூட்டோடு வேகும் சோற்றுக்கு ஒரு தனி மணம் உண்டு. ஒல்லாந்தர் வழிவந்த பறங்கியர் தங்கள் லம்ப்ரைஸை இன்றும் வாழையிலையில் பொதிந்துதான் அவனில் வைக்கிறார்கள். சிங்களக் கிராமங்களில் வயலுக்குச் சோறு போனது கமுகு மட்டையில். குரக்கன் மாவு ஹலப வெந்தது கெந்த இலையில். யாழ்ப்பாணத்தில் இந்த வேலையைப் பனை செய்தது. சந்தைக்கு உமல், நெல்லுக்குக் கடகம், பனங்கட்டிக்குக் குட்டான். கட்டைவிரலும் சுட்டுவிரலும் வளைந்து பிடிக்கும் அளவான அந்த ஓலைக் கூட்டுக்குள் பாகை ஊற்றி ஆறவிட்டால், பொருளும் பொதியும் ஒன்றாகிவிடும்.

நகரத்திலும் நிலைமை அதிகம் வேறுபட்டிருக்கவில்லை. காலிமுகத்திடலில் கடலை, பழைய கொப்பித் தாளில் சுருட்டிய சரையில் வந்தது. சீனியும் பருப்பும் செய்தித்தாளில் கட்டப்பட்டு நூல் சுற்றி வந்தன. சங்கக்கடைக்குப் போனவர்கள் கூப்பன் புத்தகத்தோடு துணிப்பையையும் கொண்டுபோனார்கள். கழுத்தில் கயிறு கட்டிய போத்தல் மண்ணெண்ணெய்க்கு. சோடாக் கடையில் வெறும் போத்தலைக் கொடுத்தால்தான் நிறைபோத்தல். இல்லாவிட்டால் போத்தலுக்கும் காசு வைக்க வேண்டும். பழைய போத்தலும் பேப்பரும் வாங்குபவர் தெருவில் கூவிக்கொண்டு வந்தார்.

அந்தத் தலைமுறையை அறச்சீலர்கள் என்று போற்றுவது எளிது. அவர்களில் பெரும்பாலோர் பூமியைக் காப்பதற்காகப் பை தூக்கவில்லை. கடைக்காரரிடம் கொடுப்பதற்குப் பை இருக்கவில்லை, அவ்வளவுதான். ஆனால் அந்த ஏற்பாட்டில் ஒரு நுட்பம் இருந்தது. பொதி எங்கே போக வேண்டும் என்பது வாங்கும்போதே முடிவாகியிருந்தது. இலை மாட்டுக்கு, போத்தல் கடைக்கு, தாள் அடுப்புக்கு. வாங்குபவர் தனியாக யோசித்துத் தேர்ந்தெடுக்க வேண்டிய தேவையே வரவில்லை.

பொலித்தீன் பிறந்தது தொலைவில். 1933இல் இங்கிலாந்தின் நோர்த்விச் நகரில், இம்பீரியல் கெமிக்கல் இன்டஸ்ட்ரீஸ் ஆய்வுகூடத்தில், வேறொரு சோதனை பிசகியபோது பாத்திரத்தின் அடியில் ஒட்டியிருந்த மெழுகு போன்ற பொருள் அது. 1965இல் சுவீடனின் செல்லோபிளாஸ்ட் நிறுவனம், ஸ்டென் குஸ்தாவ் துலின் வடிவமைத்த கைப்பிடிப் பைக்குக் காப்புரிமை பெற்றது. தாள் பைக்காக மரங்கள் வெட்டப்படுவதை நிறுத்தலாம், ஒரே பையைப் பலமுறை பயன்படுத்தலாம் என்பதே தந்தையின் எண்ணமாக இருந்தது என்று துலினின் மகன் பிற்காலத்தில் சொன்னார். உலகம் அந்தப் பையை ஏற்றுக்கொண்டு எண்ணத்தை விட்டுவிட்டது.

இலங்கையில் 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டது. இறக்குமதிக் கட்டுப்பாடுகள் தளர்ந்தன. துறைமுகத்திலிருந்து புறக்கோட்டைக்கு வந்த பொருட்களோடு பொலித்தீனும் பெருகியது. சிங்களத்தில் அதற்கு வைத்த பெயர் ‘சிலி சிலி’. கையில் கசங்கும்போது எழும் ஓசையே பெயராயிற்று. தமிழர் வாயில் அது சொப்பிங் பேக்.

லஞ்ச் சீட் வென்றதற்குக் காரணம் சோம்பல் மட்டும் இல்லை. ஐந்துலாம்புச் சந்திப் பக்கத்துச் சாப்பாட்டுக் கடையொன்றில் பகல் நேரத்தில் நின்று பார்த்தால் புரியும். மேசைமேல் பழைய செய்தித்தாள், அதன்மேல் பால்நிறத்தில் மெல்லிய தாள். ஒரு கோப்பை அளவு சோறு கவிழும். சுற்றிலும் பருப்பு, ஒரு கீரை, மீன் குழம்பு, மேலே தேங்காய்ச் சம்பல், ஓரத்தில் ஒரு பொரித்த மிளகாய். இரண்டு மடிப்பு, ஒரு உருட்டு, ஒரு றப்பர் வளையம். அரை நிமிடத்துக்குள் பார்சல் தயார். குழம்பு ஒழுகாது. துறைமுகத்தில் மூட்டை இறக்குபவர், லொறிச் சாரதி, கந்தோர் எழுதுவினைஞர், ரியூஷன் வகுப்புக்குப் போகும் பிள்ளை, எல்லாரும் அதைப் பைக்குள் போட்டுக்கொண்டு போகலாம். குறைந்த செலவில் வயிறு நிறையும். நகரத்து ஏழை உழைப்பாளியின் பகலுணவை நடத்திக்கொண்டிருந்ததே அந்த ஒரு தாள்தான். பிறகு அது கடைக்குள் உட்கார்ந்து சாப்பிடுபவர்களிடமும் வந்தது. பீங்கான் தட்டின் மேல் லஞ்ச் சீட்டை விரித்து அதன்மேல் சோறு. சாப்பிட்டு முடிந்ததும் தாளைச் சுருட்டி எறிந்தால், தட்டைக் கழுவ வேண்டாம்.

எறிந்த தாளுக்கு ஒரு விலாசம் இருந்தது. நெடுங்காலமாக அது கொட்டாஞ்சேனையை ஒட்டிய புளூமெண்டல். கொழும்பின் குப்பை அங்கே மலையாகக் குவிந்தது. சுற்றியிருந்த தோட்டங்களில் வாழ்ந்த தமிழ், முஸ்லிம், சிங்கள ஏழைக் குடும்பங்கள் காகங்களுக்கும் நாற்றத்துக்கும் நடுவே பிள்ளைகளை வளர்த்தார்கள். 2009இல் உயர் நீதிமன்றத் தலையீட்டோடு புளூமெண்டல் மூடப்பட்டது. குப்பை லொறிகள் மீதொட்டமுல்ல பக்கம் திரும்பின. தற்காலிக ஏற்பாடு என்று சொல்லி ஒதுக்கப்பட்டது 2 ஏக்கர் அளவான பழைய வயல்நிலம். அது ஏறத்தாழ 20 ஏக்கராக விரிந்து வானத்தை நோக்கி உயர்ந்தது. அயலவர் ஊர்வலம் போனார்கள், மறியல் செய்தார்கள், சுவர்கள் வெடிப்பதைக் காட்டினார்கள். அவர்கள் சொன்னது அப்படியே நடந்த நாள்தான் அந்த ஏப்ரல் 14.

மேட்டுக்குப் போகாதது ஆற்றுக்குப் போனது. களனி ஆறு மத்திய மலைநாட்டில் பிறந்து சுமார் 145 கிலோமீற்றர் ஓடி, மட்டக்குளிக்கும் வத்தளைக்கும் இடையே கடலில் சேர்கிறது. சிவனொளிபாத மலைச் சாரலில் தெளிவாகத் தொடங்கும் நீர் அது. அதன் கரையிலுள்ள களனி விகாரையில் விபீஷணன் காவல் தெய்வமாக வணங்கப்படுகிறார். கொழும்பின் குடிநீரில் பெரும்பகுதி அம்பத்தலையில் அதே ஆற்றிலிருந்து எடுக்கப்படுகிறது. அங்கிருந்து சில கிலோமீற்றர் கீழே அது நகரத்தின் கழிவைச் சுமக்கத் தொடங்குகிறது. 2016 மே மாதத்தில் களனி பெருகியபோது கொலன்னாவையிலும் சேதவத்தையிலும் வீடுகள் நாட்கணக்கில் நீரில் நின்றன. அடைபட்ட கால்வாயும் நிரப்பப்பட்ட சதுப்பும் இருக்கும் ஊரில் மழைநீருக்குப் போக்கிடம் ஏது? பங்களாதேசம் இந்தப் பாடத்தை முன்பே படித்தது. 1988, 1998 வெள்ளங்களில் வடிகால்களை அடைத்த பைகளைக் கண்டபின், 2002இல் மெல்லிய பொலித்தீன் பைகளைத் தடைசெய்த உலகின் முதல் நாடானது.

2015இல் அமெரிக்க ஆய்வாளர் ஜென்னா ஜம்பெக்கின் குழு ‘சயன்ஸ்’ இதழில் வெளியிட்ட பட்டியல், கடலோர நாடுகளில் முறையாகக் கையாளப்படாத பிளாஸ்டிக் கழிவில் இலங்கையை ஐந்தாம் இடத்தில் வைத்தது. கணக்கு மிகையானது என்று இலங்கை ஆய்வாளர்கள் மறுத்தார்கள். எண் எதுவாக இருந்தாலும், முதல் பருவமழைக்கு மறுநாள் காக்கைதீவுக் கடற்கரையில் நடப்பவர்களுக்குப் பட்டியல் தேவைப்படாது.

சட்டம் வராமலில்லை. 2007 ஜனவரியில் 20 மைக்ரோனுக்குக் குறைந்த பொலித்தீன் தடைசெய்யப்பட்டது. மீதொட்டமுல்ல சரிந்த அதே ஆண்டு, செப்டெம்பர் 1 முதல் லஞ்ச் சீட்டும் ரெஜிபோம் சாப்பாட்டுப் பெட்டியும் தடைக்கு உள்ளாயின. 2021இல் சிறு சாஷே பைக்கற்றுகள். 2023 ஒக்டோபரில் பிளாஸ்டிக்கில் செய்த உறிஞ்சுகுழல், கரண்டி, பூமாலை, இடியப்பத் தட்டு. ஆனால் லஞ்ச் சீட் கடைகளைவிட்டுப் போகவில்லை. ‘உக்கும்’ என்று அச்சிட்ட தாள்கள் வந்தன. உக்குவதற்குரிய சூடும் ஈரமும் உள்ள உரக்கூடம் இல்லாத ஊரில் அவையும் மற்றத் தாளோடு மேட்டுக்கே போயின. நாள் முழுக்க நூற்றுக்கணக்கான பார்சல் கட்டும் கடைக்காரருக்கு வாழையிலை எங்கிருந்து, என்ன விலைக்கு, எத்தனை மணிக்கு வரும் என்பதற்குச் சட்டத்தில் பதில் இருக்கவில்லை. பழைய ஏற்பாட்டில் பொதியோடு சேர்ந்து வந்த வழி, புதிய தடையோடு வரவில்லை.

வெள்ளவத்தை மாடிவீடுகளில் வேறொரு கவலை. காலி வீதிக் கடைகளில் யாழ்ப்பாணத்துப் பனங்கட்டிக் குட்டான் வாங்கினால், ஓலைப் பொதிக்கு மேலே ஒரு சொப்பிங் பேக் போட்டுத் தருகிறார்கள். பொதியைப் பொதிவதில் என்ன அர்த்தம் என்று கேட்பவர்கள் இப்போது அதிகம். அவர்களில் பலர் துணிப்பைக்கு மாறியிருக்கிறார்கள். அதிலும் ஒரு கணக்கு உண்டு. பிரித்தானியச் சுற்றாடல் முகமை 2011இல் வெளியிட்ட ஆய்வின்படி, பருத்திப் பையொன்றைக் குறைந்தது 131 தடவை பயன்படுத்தினால்தான், ஒருமுறை பயன்படுத்தி எறியும் மெல்லிய பையைவிடப் புவி சூடேற்றத்தில் அதன் பங்கு குறையும். மாநாட்டுக்கு ஒன்று, கலியாணத்துக்கு ஒன்று என்று இனாமாக வந்து அலுமாரியில் குவியும் துணிப்பைகள் அந்தக் கணக்கில் சேரமாட்டா. நைந்து கிழியும்வரை தூக்கப்பட்ட சங்கக்கடைப் பைதான் சேரும்.

தனியொருவரின் பைக்கு முன்னால் மற்றப் பாரங்களையும் வைத்துப் பார்க்க வேண்டும். 2017 முதல் கொழும்புத் துறைமுகத்துக்குப் பிரித்தானியாவிலிருந்து 263 கொள்கலன்களில் கழிவு வந்திறங்கியது. பழைய மெத்தை, கம்பளம் என்று சொல்லப்பட்டவற்றுள் மருத்துவமனைக் கழிவும் இருந்ததாக அதிகாரிகள் கண்டார்கள். சுற்றாடல் ஆர்வலர்கள் மேன்முறையீட்டு நீதிமன்றம் சென்றார்கள். 2020இல் திருப்பியனுப்பத் தொடங்கி, 2022 பெப்ரவரியில் கடைசிக் கொள்கலனும் கப்பலேறியது. இதற்கிடையே 2021 மே மாதம், எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் கொழும்புக்கு அப்பால் தீப்பற்றியது. ஏறக்குறைய 1,680 தொன் பிளாஸ்டிக் குறுமணிகள் கடலில் கொட்டின. பை, போத்தல் எல்லாவற்றுக்கும் மூலப்பொருளான பயறளவு மணிகள் அவை. கரையொதுங்கியவற்றை அரிதட்டால் மணலைச் சலித்துச் சலித்துப் பொறுக்கினார்கள். மீனவர் கடலுக்குப் போக முடியாமல் கரையில் நின்றார்கள். 2025 ஜூலையில் உயர் நீதிமன்றம் கப்பல் தரப்பு 100 கோடி அமெரிக்க டொலர் இழப்பீடு செலுத்த வேண்டும் என்று தீர்ப்பளித்தது. இந்த அளவுகளுக்கு முன்னால் ஒரு பார்சல் தாள் மிகச் சிறியது. ஆனால் கப்பலில் வந்த மணிக்கும் பார்சல் தாளுக்கும் வாடிக்கையாளர் ஒருவரே.

மீதொட்டமுல்லவுக்குப் பிறகு குப்பை மறுபடி ஊர் மாறியது. களனிக்கு வடக்கே கெரவலப்பிட்டியில் குப்பையை எரித்து 10 மெகாவாட் மின்சாரம் எடுக்கும் நிலையம் 2021இல் திறக்கப்பட்டது. இன்னொரு திட்டம் களனியில் குப்பையை அழுத்திக் கட்டி, ரயிலில் ஏற்றி, சுமார் 170 கிலோமீற்றருக்கு அப்பால் புத்தளம் அருவக்காலுவில் புதைப்பது. வில்பத்துக் காட்டுக்கும் உப்பங்கழிக்கும் அருகே கொழும்பின் கழிவு எதற்கு என்று 2018இல் புத்தளத்து மக்கள் வாரக்கணக்கில் வீதியில் இருந்தார்கள். புளூமெண்டலிலும் மீதொட்டமுல்லவிலும் கேட்கப்பட்ட அதே கேள்வி.

2025 நவம்பர் 1 முதல் கடைகளில் சொப்பிங் பேக்கை இனாமாகக் கொடுக்கக்கூடாது. விலையைப் பற்றுச்சீட்டில் காட்ட வேண்டும். இத்தனை ஆண்டுகளாக மேட்டின் அடிவாரத்தில் வாழ்ந்தவர்கள் கொடுத்துவந்த விலையில் ஒரு துளி, முதன்முறையாக வாங்குபவரின் சீட்டில் எழுதப்படுகிறது.

லஞ்ச் சீட்டுக்கு இன்னும் அப்படியொரு வரி எழுதப்படவில்லை. அதற்கான பதில் சின்னச் சின்னதாய்க் கடைகளில் நடக்கிறது. “அண்ணே, இதுலயே போடுங்க, சீட் வேணாம்” என்று சாப்பாட்டுப் பெட்டியை நீட்டுபவருக்குக் கடைக்காரர் அதே கோப்பையால் சோறு அளக்கிறார். பெட்டியில் இடம் மிஞ்சினால் இன்னொரு அகப்பை போடுகிறார். உள்ளே சில மேசைகளில் தாள் விரிக்காத வெறும் பீங்கான் தட்டு. சாப்பிட்டவர் எழுந்ததும் அதை எடுத்துப்போய்ப் பின்கட்டில் குந்தியிருப்பவர் தேய்க்கிறார். அவர் திறக்கும் குழாயில் அம்பத்தலையிலிருந்து வரும் களனி நீர் விழுகிறது.