நாங்குநேரியில் இரு அட்டைகள்

தாமிரபரணி பாயும் நாட்டில், யார் எந்தத் தகுதியால் ஊர் அவையில் அமரலாம் என்ற கேள்வி மிகப் பழையது. திருநெல்வேலியிலிருந்து சங்கரன்கோவில் செல்லும் வழியில் உள்ள மானூரின் சிவன் கோயிலில், பாண்டியன் மாறஞ்சடையன் காலத்தது எனப்படும் கல்வெட்டு ஒன்று உள்ளது. ஏறத்தாழ கி.பி. 800 என்று காலம் கணிக்கப்படும் அக்கல்வெட்டு, ஊரில் பங்கு உடையோரின் மக்களுள் நல்லொழுக்கமும் தருமநூல் ஒன்றில் பயிற்சியும் உடையவரே ஒரு பங்கின் சார்பில் அவையில் அமரலாம் என்றும், விலைக்கு வாங்கியோ கொடையாகவோ சீதனமாகவோ பங்கு பெற்றவர்க்கும் அத்தேர்ச்சி வேண்டும் என்றும் வரையறுக்கிறது. முன்வைக்கப்படும் ஒவ்வொன்றையும் அன்று, அன்று என்று மறுத்துக் காரியத்தை முடக்குவோரும் அவர்க்குத் துணைநிற்போரும் ஐந்து காசு தண்டம் இறுக்க வேண்டும் என்பதும் அதன் விதிகளுள் ஒன்று. உத்தரமேரூரின் குடவோலைக் கல்வெட்டுக்கு நூறாண்டுக்கு மேல் முற்பட்டதாயினும், அதன் புகழில் பாதிகூட மானூருக்குக் கிட்டவில்லை. உறுப்பினரை அடையாளம் காணும் விதியும் கட்சி கட்டி மறுப்போரை அடக்கும் விதியும் ஒரே கல்லில் இடம்பெற்றது தற்செயல் அன்று. யாரை உள்ளே விடுவது என்ற கேள்வி எழும் இடத்தில் பூசலும் உடன் எழுகிறது.

மானூருக்குத் தெற்கே, கன்னியாகுமரி நெடுஞ்சாலையில் உள்ள நாங்குநேரி, நம்மாழ்வார் பாடிய சீவரமங்கை. வானமாமலைப் பெருமாள் கோயிலும் வானமாமலை மடமும் உள்ள வட்டத் தலைநகரம். இன்றைய சட்டமன்றத் தொகுதிகளின் வரிசையில் அதன் எண் 227. இவ்வட்டாரத்தில் நவீன வாக்குரிமை வரி கட்டுவோரின் உரிமையாகவே நுழைந்தது. 1919ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 1920இல் நடந்த சென்னை மாகாணத் தேர்தலில் நிலவரி, வீட்டுவரி, வருமானவரி போன்ற தகுதிகள் கேட்கப்பட்டன. 1921இல் சென்னைச் சட்டமன்றம் பெண்களுக்கும் வாக்குரிமை வழங்கிற்று. ஆனால் அதே சொத்துத் தகுதி அவர்களுக்கும் வேண்டியிருந்ததால், மானாவாரி நிலமும் பனங்காடும் மிகுந்த நாங்குநேரி போன்ற வட்டத்தில் குத்தகைக்காரரும் பனையேறியும் கூலியாளும் பட்டியலுக்கு வெளியிலேயே நின்றனர். அக்காலத்தில் வாக்காளரை அடையாளம் காணத் தனி ஆவணம் எதுவும் தேவைப்படவில்லை, ஏனெனில் வரிக்கணக்கே வாக்காளர் பட்டியலுக்கு அடிப்படையாக இருந்தது.

வயதுவந்தோர் அனைவருக்கும் வாக்குரிமை என்ற கொள்கையுடன் 1951-52இல் முதல் பொதுத்தேர்தல் நடந்தபோதுதான் நிலை மாறியது. முதல் தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென்னின் மேற்பார்வையில் 17 கோடிக்கும் மேற்பட்டோரின் பெயர்கள் எழுதப்பட்டன. அப்பணியில், தம் பெயரைச் சொல்ல மறுத்து இன்னாரின் மனைவி, இன்னாரின் மகள் என்று மட்டுமே சொன்ன ஏறத்தாழ 28 லட்சம் பெண்கள் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டனர். அவர்களுள் பெரும்பாலோர் வட மாநிலத்தவர். எனினும், கணவன் பெயரைச் சொல்லாத வழக்கத்தின் வடிவில், பெயர் சொல்லத் தயங்குவது தென்பாண்டி நாட்டுக்கும் புதிதன்று. பெயரால் அறியப்படாதவருக்கு வாக்கில்லை என்ற நிலை இவ்வாறு முதல் தேர்தலிலேயே உருவாயிற்று.

பெயர் மட்டும் போதாது என்பதைத் திருநெல்வேலிச் சீமையின் எந்த வாக்குச்சாவடிப் பட்டியலும் காட்டும். குலதெய்வத்தின் பெயரை இடும் வழக்கம் ஓங்கிய இப்பகுதியில் இசக்கியம்மாள், பேச்சியம்மாள், சுடலைமுத்து, வானமாமலை ஆகிய பெயர்கள் ஒரே பக்கத்தில் பலமுறை வரும். த/பெ, க/பெ என்ற குறிகளுக்குப் பின் வரும் தந்தை அல்லது கணவர் பெயரும் கதவு எண்ணுமே ஓர் இசக்கியம்மாளை அடுத்த இசக்கியம்மாளிடமிருந்து பிரிக்கும். நெடுங்காலம் இப்பிரிப்பைச் செய்தது மனிதரின் நினைவு. சாவடியில் அமர்ந்த கட்சி முகவர்கள், அதாவது பூத் ஏஜெண்டுகள், ஊர் முகங்களை அறிந்திருந்தனர். ஐயம் எழுந்தால் கர்ணமோ கிராம முன்சீப்போ சொன்னதே முடிவாயிற்று. பரம்பரையாக வந்த இக்கிராமப் பதவிகளை எம்.ஜி.ஆர். அரசு 1980 நவம்பரில் ஒழித்து, தேர்வெழுதி வெளியூரிலிருந்து வரும் கிராம நிர்வாக அலுவலரை அவ்விடத்தில் அமர்த்தியது. கர்ணத்தின் ஆதிக்கத்துக்கு முடிவு கட்டிய நல்ல செயல் அது என்பதில் ஐயமில்லை. ஆனால் முகமறியாத அலுவலர் வந்தபின் ஒவ்வொன்றுக்கும் தாள் தேவைப்பட்டது என்பதும் அதன் விளைவே.

புகைப்பட அடையாள அட்டை என்ற எண்ணம் அதற்கு முன்பே தோன்றியிருந்தது. 1958இல் சட்டம் திருத்தப்பட்டு, 1960இல் கல்கத்தா தென்மேற்கு மக்களவைத் தொகுதியின் இடைத்தேர்தலுக்காக முதல் முயற்சி நடந்தது. பல மாதம் உழைத்தும் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்ட வாக்காளருக்கு அட்டை தர இயலவில்லை. புகைப்படக்காரர் முன் முகம் காட்டப் பல பெண்கள் மறுத்ததும் ஒரு காரணம். திட்டம் கைவிடப்பட்டு, விரலில் இடும் அழியாத மையே கள்ள ஓட்டுக்கு மருந்தாகக் கொள்ளப்பட்டது. பின்னர் 1979இல் சிக்கிமில் அட்டை வந்தது. நாடு முழுவதற்கும் அதைக் கட்டாயமாக்க முனைந்தவர் பாலக்காட்டுத் தமிழரான டி.என். சேஷன். 1993 ஆகஸ்டில் ஆணையிட்ட அவர், 1995 ஜனவரி 1க்குப் பின் அட்டை இல்லாத இடத்தில் தேர்தலே நடக்காது என்று அறிவித்தபோது, செலவைக் காட்டி மாநில அரசுகள் முறையிட்டன. அட்டை இல்லை என்பதற்காகத் தேர்தலை நிறுத்த இயலாது என்ற நிலையில் வழக்கு முடிந்தாலும், அட்டை வந்தே விட்டது. அக்காலத்து மங்கிய கறுப்பு வெள்ளைப் படத்தில் தம் முகத்தைத் தாமே அடையாளம் காண முடியாதவர்கள் இன்றும் அதைப் பத்திரமாக வைத்திருக்கின்றனர்.

இங்குக் கவனிக்க வேண்டியது, சேஷன் காலத்துப் பூசல் ஆணையத்துக்கும் அரசுகளுக்கும் இடையில் நடந்ததே அன்றிக் கட்சிக்கும் கட்சிக்கும் இடையில் நடந்ததன்று என்பதாகும். அமெரிக்காவில் இவ்விஷயம் வேறு வடிவம் கொண்டது. அங்கு 2005இல் இந்தியானா மாநிலம் புகைப்பட அட்டையைக் கட்டாயமாக்கிச் சட்டம் இயற்ற, 2008இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது. கள்ள ஓட்டைத் தடுக்கும் என்று குடியரசுக் கட்சியும், ஏழைகளையும் கறுப்பினத்தவரையும் விலக்கும் என்று ஜனநாயகக் கட்சியும் எதிரெதிர் நின்றன. இரண்டாம் அட்டைக்கு உரிய மருத்துவக் காப்பீட்டிலும் அங்கு இதே பிளவு தெரிந்தது. 2010இல் ஒபாமா கொண்டுவந்த மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்துக்குக் குடியரசுக் கட்சி உறுப்பினர் ஒருவர்கூட வாக்களிக்கவில்லை. மருத்துவச் செலவில் அரசு எவ்வளவு தலையிடலாம் என்ற கொள்கை வேறுபாடே அங்குப் பூசலின் வேர். தமிழ்நாட்டில் ஏழையின் மருத்துவச் செலவை அரசு ஏற்கக் கூடாது என்று பெரிய கட்சி எதுவும் மேடையில் சொன்னதில்லை. இங்குப் பூசல் திட்டத்தின் பெயரைப் பற்றியது.

மருத்துவத்துக்கு அட்டை என்பது இம்மாவட்டத்துக்குக் காப்பீட்டுடன் வந்த புதுமையும் அன்று. 1976ஆம் ஆண்டின் பீடித் தொழிலாளர் நலநிதிச் சட்டத்தின் கீழ், வீட்டுத் திண்ணையில் தட்டை மடியில் வைத்து இலை வெட்டிச் சுற்றும் பெண்களுக்கு அடையாள அட்டை தரப்பட்டது. அதைக் காட்டி முக்கூடலில் மத்திய அரசு நடத்தும் பீடித் தொழிலாளர் மருத்துவமனையில் சிகிச்சை பெறலாம். மற்றவர்க்கு வட்ட மருத்துவமனையும், 1965இல் தொடங்கிய திருநெல்வேலி மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையும் இருந்தன. பாளையங்கோட்டையில் ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரி என்று ஊரார் சொல்லும் அம்மருத்துவமனையின் வாசலில் யாரும் அட்டை கேட்டதில்லை. நோயே நுழைவுச்சீட்டாக இருந்தது.

அட்டை கேட்கும் காலம் 2009 ஜூலையில் தொடங்கியது. மு. கருணாநிதி அரசு கொண்டுவந்த கலைஞர் காப்பீட்டுத் திட்டம், ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்கு உட்பட்ட ஒரு கோடிக்கு மேற்பட்ட குடும்பங்களுக்கு, நான்கு ஆண்டுகளுக்கு மொத்தம் ஒரு லட்சம் ரூபாய் வரை தனியார் மருத்துவமனையிலும் உயர் சிகிச்சை பெற வழி செய்தது. பிரீமியம், அதாவது காப்பீட்டுத் தவணை, குடும்பத்துக்கு ஆண்டுக்கு 469 ரூபாய். அதை அரசே ஸ்டார் ஹெல்த் என்ற தனியார் நிறுவனத்துக்குச் செலுத்தியது. அரசுப் பணம் அரசு மருத்துவமனையை விட்டுத் தனியாருக்குப் போகிறது என்ற விமர்சனம் அப்போதே எழுந்தது. எடையுள்ள அந்த விமர்சனத்தைப் பெரிய கட்சிகள் இரண்டும் இன்றுவரை தீவிரமாக எடுத்துக்கொள்ளவில்லை.

2011 மே மாதம் ஆட்சி மாறியதும் அத்திட்டம் கைவிடப்பட்டது. 2012 ஜனவரி 11 அன்று ஜெயலலிதா அரசு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தைத் தொடங்கியது. புதிய திட்டத்தில் மெய்யான முன்னேற்றங்கள் இருந்தன: ஒரு லட்சம் என்ற வரம்பு நான்காண்டுக்கு மொத்தமாக இல்லாமல் ஆண்டுதோறும் கிடைத்தது, சில சிகிச்சைகளுக்கு ஒன்றரை லட்சம் வரை நீண்டது, பொறுப்பு யுனைடெட் இந்தியா என்ற பொதுத்துறை நிறுவனத்துக்குப் போனது. தவணை 497 ரூபாய் ஆயிற்று. ஆயினும் வருமான வரம்பு அதே 72,000. பழைய திட்டத்தைத் திருத்தியே இவற்றையெல்லாம் செய்திருக்கலாம் என்ற எண்ணம் எழுவது இயல்பு. ஆனால் அட்டையின் பெயரைத் திருத்த வழியில்லை. பழைய அட்டைக்கும் புதிய அட்டைக்கும் இடையில் மாதங்கள் கழிந்தன. 2010 மார்ச்சில் திறக்கப்பட்ட ஓமந்தூரார் தோட்டப் புதிய சட்டமன்ற வளாகத்தை ஜெயலலிதா அரசு 2014இல் பல்நோக்கு மருத்துவமனையாகத் திறந்ததும் இதே காலத்து நிகழ்ச்சியே. எதிர்க்கட்சியின் நினைவுச் சின்னத்தை மருத்துவமனையாக்கினால் யாரும் குறை சொல்ல முடியாது என்ற கணக்கு அதில் இல்லை என்று நம்புவது கடினம்.

அடுத்த திருப்பம்தான் வரலாற்றுக்குச் சுவையானது. 2018இல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்துடன் இணைந்து வரம்பு ஐந்து லட்சமாக உயர்ந்த காப்பீட்டுத் திட்டத்தை, 2021இல் ஆட்சிக்கு வந்த மு.க. ஸ்டாலின் அரசு கைவிடவில்லை. 2022 ஜனவரி 11 முதல் ஐந்தாண்டுக்குப் புதுப்பித்து, வருமான வரம்பை 1,20,000 ரூபாயாக உயர்த்தி, 849 ரூபாய் தவணையில் அதே நிறுவனத்திடம் தொடர்ந்தது. திட்டத்தின் பெயரில் இருந்தது முதலமைச்சர் என்ற பதவி. அப்பெயர் யார் வந்தாலும் பொருந்தும். அதே ஆண்டில், முந்தைய அரசு 2020 டிசம்பரில் தொடங்கிய அம்மா மினி கிளினிக்குகள் மூடப்பட்டன. ஓராண்டுக்கான தற்காலிக ஏற்பாடே அது என்றது ஆளும் தரப்பு, பெயருக்காகவே மூடுகிறார்கள் என்றது அ.தி.மு.க. தலைவர் பெயர் தாங்கிய திட்டம் ஆட்சி மாறினால் மறையும் என்ற விதிக்கு விலக்குகளும் உண்டு: எம்.ஜி.ஆர். பெயர் தாங்கிய சத்துணவும் முத்துலட்சுமி ரெட்டி பெயர் தாங்கிய மகப்பேறு நிதியும் ஆட்சி மாற்றங்களைக் கடந்து நின்றன.

வாக்குக்கான அட்டையும் மருத்துவத்துக்கான அட்டையும் சந்திக்கும் இடமும் ஒன்றுண்டு. வாக்காளர் அட்டை இல்லாதவர் சாவடியில் காட்டத் தேர்தல் ஆணையம் ஏற்கும் மாற்று ஆவணங்களில், ஆதார், நூறு நாள் வேலை அட்டை, படமுள்ள வங்கிக் கணக்குப் புத்தகம் ஆகியவற்றுடன் தொழிலாளர் அமைச்சகத் திட்டத்தின் மருத்துவக் காப்பீட்டு ஸ்மார்ட் கார்டும் இடம்பெற்று வந்துள்ளது. வாக்குச்சாவடியின் வாசல் அந்த அளவுக்கு அகலமாக இருந்ததால்தான், அமெரிக்கப் பூசல் தமிழ்நாட்டில் நெடுநாள் எழவில்லை எனலாம். நாங்குநேரியில் 2019 அக்டோபர் 21 அன்று நடந்த இடைத்தேர்தலில் பல கிராமங்கள் வாக்களிக்காமல் விலகியபோதும் காரணம் அட்டை இல்லாமை அன்று. ஏழு உட்பிரிவுகளைத் தேவேந்திரகுல வேளாளர் என்ற ஒரே பெயரால் அழைக்க வேண்டும் என்ற கோரிக்கைக்காக, அட்டையை வைத்துக்கொண்டே அவர்கள் வீட்டிலிருந்தனர். 2021இல் நாடாளுமன்றம் அப்பெயரைச் சட்டமாக்கியது.

2025இல் பூசல் வாசலிலிருந்து பட்டியலுக்கு நகர்ந்தது. பீகாரைத் தொடர்ந்து, சிறப்புத் தீவிரத் திருத்தம் எனப்படும் பணி, அதாவது வீடு வீடாகப் படிவம் கொடுத்துப் பட்டியலைப் புதிதாக எழுதும் பணி, தமிழ்நாட்டில் நவம்பர் 4 அன்று தொடங்கியது. தி.மு.க. நவம்பர் 2 அன்று அனைத்துக் கட்சிக் கூட்டம் கூட்டி எதிர்த்து உச்ச நீதிமன்றம் சென்றது, அ.தி.மு.க.வும் பா.ஜ.க.வும் இறந்தோர், இடம்பெயர்ந்தோர் பெயர்களை நீக்க இது தேவை என்று ஆதரித்தன. வாக்காளர் அடையாளம் பற்றிய கேள்வியில் தமிழ்நாட்டுக் கட்சிகள் நேராகப் பிரிந்து நின்றன. வழக்குமன்றத்தில் எதிர்த்த கட்சியின் முகவர்களே தெருவில் படிவத்தை நிரப்பித் தரவும் செய்தனர். இதை முரண் என்பதைவிட முன்னெச்சரிக்கை என்பதே பொருந்தும். டிசம்பர் 19 அன்று வெளிவந்த வரைவுப் பட்டியலில் 6.41 கோடியாக இருந்த வாக்காளர் எண்ணிக்கை 5.43 கோடியாகக் குறைந்தது.

அப்படிவத்தின் கீழ்ப்பகுதியில் இரண்டு கட்டங்கள் இருந்தன. 2002, 2005ஆம் ஆண்டுகளில் நடந்த முந்தைய தீவிரத் திருத்தப் பட்டியலில் தம் பெயர் இருந்தால் அதன் தொகுதி, பாகம், வரிசை எண்களை இடப்பக்கக் கட்டத்திலும், இல்லையெனில் பெற்றோர் போன்ற உறவினரின் விவரத்தை வலப்பக்கக் கட்டத்திலும் எழுத வேண்டும். இடையில் 2008இல் தொகுதி மறுவரையறை நடந்திருந்ததால் பழைய எண்கள் பழைய தொகுதியைத் தேடச் செய்தன. களக்காட்டிலோ ஏர்வாடியிலோ பிறந்து, 2005க்குப் பின் வாக்குரிமை பெற்று, வெளியூரில் வாழ்க்கைப்பட்ட பெண்ணுக்கு வலப்பக்கக் கட்டமே கிடைத்தது. அவருடைய அட்டையில் க/பெ என்ற குறி இருக்க, படிவத்தில் எழுத வேண்டியிருந்ததோ பிறந்த ஊர்ச் சாவடியின் பாக எண்ணும் தந்தையின் பெயரும்.