பச்சை: அழியாததும் அழிக்கச் சொல்வதும்

பச்சை குத்தும்போது அது பச்சையாக இருப்பதில்லை. விளக்குக் கரியை எடுத்து, தாய்ப்பாலிலோ இலைச்சாற்றிலோ குழைத்து, ஊசிகளைச் சேர்த்துக் கட்டிக் குத்தினால் தோலில் முதலில் விழுவது கறுப்புதான். புண் ஆறி, பொருக்கு உதிர்ந்து, வருஷங்கள் போகப்போகத்தான் அது பச்சைக்கும் நீலத்துக்கும் நடுவில் ஒரு நிறத்தில் வந்து நிற்கிறது. இலைச்சாறு சேர்ப்பதால் வந்த பெயர் என்பாரும் உண்டு. எனக்கென்னவோ, மூப்படைந்த பிறகு தெரியும் நிறத்தையே பெயராக்கிக்கொண்ட சொல்லாகத்தான் படுகிறது. குத்திய அன்று பார்த்து வைத்த பெயரல்ல. இருபது வருஷம் கழித்துப் பார்த்து வைத்த பெயர்.

'உடல் ஒரு பிரதி', 'அதிகாரம் உடலின் மீது எழுதுகிறது' என்றெல்லாம் நம் சிற்றிதழ்களில் எழுதித் தள்ளிய காலம் ஒன்று இருந்தது; ஃபூக்கோவைப் படித்தும் பாதி படித்தும். எழுதியதில் தப்பில்லை. ஆனால் தோலில் எழுதியது காகிதத்தில் எழுதியதுபோல அப்படியே கிடக்கும் என்கிற நினைப்பு அதற்குள் ஒளிந்திருந்தது. மையை விழுங்கி வைத்திருக்கும் செல்கள் சாகின்றன, மையைக் கக்குகின்றன, அடுத்து வரும் செல்கள் அதையே மறுபடி விழுங்குகின்றன. எலிகளை வைத்து பிரெஞ்சு ஆய்வாளர்கள் 2018இல் இதை எழுதினார்கள். வயதாக ஆகத் தோல் தளர்கிறது, கோடு பரந்து கசிகிறது, தேள் வெறும் கறையாகிறது. பிரதிக்கு மூப்பு உண்டு என்பதை நம் உடலரசியல் கட்டுரைகள் எண்ணிப் பார்த்ததாக நினைவில்லை.

குலசேகரன்பட்டினம், மணப்பாடு, திருச்செந்தூர் என்று நீளும் இந்தத் தேரிக்காட்டுக் கரையில் வயசான பெண்களின் நாடியிலும் முன்கையிலும் இந்த மூப்பைப் பார்க்கலாம். நாடியில் புள்ளி, கையில் கோலம், தேள், கூடப்பிறந்தவன் பெயர். குத்தியவர்கள் ஊர் ஊராகக் கூடையோடு வந்த குறத்திகள். தூத்துக்குடியில் முத்துக்குளிப்பை ஆராய்ந்து எழுதிய அதே எட்கர் தர்ஸ்டன்தான், 1909இல் வெளியான தம் ஏழு தொகுதி நூலில், குறவர் பெண்கள் பச்சை குத்தும் முறையையும் வலி தெரியாமலிருக்க அவர்கள் பாட்டுப் பாடுவதையும் எழுதிவைத்தார். முத்தும் சங்கும் தோலும் ஒரே கண்ணுக்குச் சேகரிப்புப் பொருள்கள். நகை நட்டெல்லாம் செத்தால் கழற்றிக்கொள்வார்கள், பச்சை மட்டும்தான் கூட வரும் என்பது பெண்கள் சொல்லிவரும் நியாயம். இதை 'மரபு' என்று கொண்டாடக் கிளம்புகிறவர்களிடம் ஒன்று சொல்ல வேண்டும்: எட்டு, பத்து வயசுப் பிள்ளையைப் பிடித்து உட்காரவைத்துக் குத்தினார்கள். யாரும் சம்மதம் கேட்கவில்லை.

காதும் அப்படித்தான். இதே கரையில் பெண்குழந்தையின் காதைக் குத்தி, பஞ்சுத் திரியைப் பெரிதாக்கிக்கொண்டே போய், ஈயக் குணுக்கு போட்டுத் தோள்வரை வடித்தார்கள். தண்டட்டியும் பாம்படமும் ஆடிய அந்தக் காது ஒரு தலைமுறைக்குள் அழகிலிருந்து அவமானமாகிப்போனது. பள்ளிக்கூடம் வந்தது, மிஷன் வந்தது, பட்டணத்துச் சம்பந்தம் வந்தது. நீண்ட காது பட்டிக்காட்டின் அடையாளமாயிற்று. பாம்படத்தை விற்றுவிட்டுத் தொங்கும் காதை அறுத்துத் தைத்துக்கொண்டார்கள். காதை அறுத்துத் தைக்கலாம். பச்சையை என்ன செய்ய? சுண்ணாம்பு வைத்துப் பொசுக்கினால் பச்சை போய் வெந்த தழும்பு வரும். உப்பைப் போட்டுத் தோலுரியத் தேய்ப்பது 6ஆம் நூற்றாண்டுக் கிரேக்க வைத்தியன் ஏதியஸ் காலத்து வழி. உப்பளங்களுக்குக் குறைவில்லாத இந்தக் கரையிலும் அது வலியைத் தவிர வேறொன்றும் தராது.

நான் சொல்ல வருவது இதுதான். 'பச்சை அசிங்கமாப் போச்சு' என்பதில் தோலின் பங்கு கொஞ்சம். காலத்தின் தீர்ப்புதான் மிச்சமெல்லாம். தீர்ப்புச் சொல்கிறவர்கள் வேறு, தோலைக் கொடுக்கிறவர்கள் வேறு.

அரசு இதை நன்றாகவே தெரிந்துவைத்திருந்தது. கும்பெனி ஆட்சி 1797இல் வங்காளத்திலும் 1802இல் சென்னை மாகாணத்திலும் ஆயுள் கைதிகளின் நெற்றியில் குற்றத்தைப் பச்சை குத்தச் சட்டம் போட்டது. 1849இல்தான் அதைக் கைவிட்டது. கைதிகள் முடியை நெற்றியில் இறக்கிவிட்டும் தலைப்பாகையைத் தாழக் கட்டியும் மறைத்தார்கள். நெற்றியில் எழுதுவது நின்றதே தவிர, தோலைப் படிப்பது நிற்கவில்லை. கடல் கடந்த கூலிகளின் பதிவேடுகளில் உடல் அடையாளத்துக்கு இடம் ஒதுக்கினார்கள். பச்சை குத்தும் கைகளையே, 1911இன் குற்றப் பரம்பரைச் சட்டம் வந்தபிறகு, போலீஸ் பதிவேட்டுக்குள் இழுத்தார்கள். குறவர் பிரிவுகள் பல அதில் அடைபட்டன. சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் ஒழிந்தது 1947இல். ஊர் ஊராகப் போவதே குற்றமான காலத்தில் ஊர் ஊராகப் போய்ச் செய்யும் தொழில் என்னவாகியிருக்கும்?

நம்முடைய காலத்துக்கு வருவோம். 1970களில் எம்.ஜி.ஆர். தம் கட்சிக்காரர்களைக் கட்சிக் கொடியைக் கையில் பச்சை குத்திக்கொள்ளச் சொன்னார், தாமும் குத்திக்கொண்டார். தன்மானம் என்று பேசி வளர்ந்த இயக்கத்தின் கிளையில் இது நடந்தது. அவர் 1987 டிசம்பரில் செத்தார். 1989 தேர்தலில் இரட்டை இலை முடங்கி, ஒரு அணிக்குச் சேவல், இன்னொன்றுக்கு இரட்டைப் புறா. கையில் கொடி அப்படியே இருந்தது. எந்த அணிக் கை என்பதை அது சொல்லவில்லை. 2016 பிப்ரவரியில் சென்னை வேளச்சேரியில் ஜெயலலிதா பிறந்தநாளுக்கு நூற்றுக்கணக்கானவர்களுக்கு அவர் முகத்தைப் பச்சை குத்தினார்கள். வலியில் பெண்கள் அழுததைத் தொலைக்காட்சியில் பார்த்தோம். அந்த டிசம்பரில் அவரும் செத்தார், 2017 மார்ச்சில் சின்னம் மறுபடி முடங்கியது. தலைவர்கள் அணி மாறினார்கள். கையை மாற்ற முடியாதவர்கள் தொண்டர்கள்.

இப்போது புருவத்துக்கு வந்திருக்கிறது. கண்ணிமையில் நிரந்தர மையிடுவதை 1984இல் அமெரிக்கக் கண் மருத்துவர் ஜியோரா ஆங்கிரஸ் எழுதி அறிமுகப்படுத்தினார். இன்று அது 'பெர்மனென்ட் மேக்கப்', 'மைக்ரோபிளேடிங்' என்ற பெயர்களில் நம் ஊர்ப் பார்லர் பலகைகளிலும் தொங்குகிறது. பழுப்பு என்று குத்துவது பெரும்பாலும் இரும்பு ஆக்ஸைடுகளின் கலவை. கறுப்பு முதலில் மங்கி, சிவப்பு மிஞ்சினால் புருவம் செங்கல் நிறமாகும். கரி மையானால் நீலம் பாயும். மறுபடியும் அதே பச்சை! குறத்தியின் ஊசிக்கும் பார்லர் ஊசிக்கும் விலைதான் வித்தியாசம்.

அழிக்க லேசர் உண்டு. நொடியின் நூறு கோடியில் சில பங்கு நேரமே பாயும் ஒளி மைத்துகளை உடைக்கிறது, உடம்பு கொஞ்சங்கொஞ்சமாக அள்ளிப் போகிறது. ஒரே தடவையில் போகாது. வாரக்கணக்கில் இடைவெளிவிட்டுப் பலமுறை. கறுத்த தோலில் மெலனினும் ஒளியை வாங்கிக்கொள்ளும், வெள்ளைத் திட்டு விழலாம்; அதனால் 1064 நானோமீட்டர் அலைநீளத்தை எடுப்பார்கள். முக்கியமானது இன்னொன்று: இரும்பு ஆக்ஸைடும் வெள்ளைச் சாயமும் லேசர் பட்டதும் சட்டென்று கறுத்துப்போவதுண்டு. அழிக்கப் போன புருவம் கரியாகி வரும். முதலில் ஒரு மூலையில் சின்னதாகச் சோதித்துப் பாருங்கள் என்று தோல் மருத்துவர்கள் சொல்வது இதற்காகத்தான். அரசுக் கண்ணும் ஓயவில்லை. மத்திய ஆயுதப்படை ஆளெடுப்பில் இடது முன்கையின் உட்புறம் சிறிதாக இருந்தால் சரி, சல்யூட் அடிக்கும் வலது கையில் ஆகாது. சாமி பெயரை வலது கையில் குத்திக்கொண்ட பையன் லேசருக்குக் காசு தேடுகிறான்.

குலசை முத்தாரம்மன் தசராவில் இதற்கு நேர்மாறான ஒன்றைப் பார்க்கிறோம். மாலை போட்டு விரதமிருந்து, காப்புக் கட்டி, காளி, ராஜா, கரடி, போலீஸ் என்று வேஷம் கட்டி வீடுவீடாகக் காணிக்கை வாங்குகிறார்கள். குறவன் குறத்தி வேஷமும் உண்டு, பெரும்பாலும் ஆண்களே. நாடியில் பச்சைப் புள்ளியோடு வாசலில் உட்கார்ந்திருக்கும் கிழவியும் இந்தக் குறத்திக்குக் காசு போடுவாள். பத்தாம் நாள் இரவு கடற்கரையில் சூரசம்ஹாரம். பிறகு காப்பு அவிழ்த்துக் கடலில் குளித்தால் வேஷம் கரைந்துவிடும். பச்சை குத்த வருகிற குறத்தி இன்று அபூர்வம். அவளிடத்தில், திருவிழாக் கடைகளுக்கு நடுவே, பேட்டரி மிஷினோடு பையன்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். அம்மன் பெயர், காதலி பெயர், சூலாயுதம், எழுத்துக்கு இவ்வளவு என்று ரேட். மஞ்சள் காமாலைக் கிருமியும் எச்.ஐ.வி.யும் ஒரே ஊசியில் ஏறிப் போகலாம். ஊசியை மாத்தியாச்சா என்று கேட்கிறவர்கள் குறைவு. இருபது வருஷத்தில் இது என்ன நிறமாகும் என்று கேட்கிறவர்களை இன்னும் பார்க்கவில்லை.