பாட்டியின் சாரையும் புய்ஃபோன் விதியும்

சாரைதான் நல்லபாம்புக்கு ஜோடி என்பாள் என் பாட்டி. (பின்னிக்கொண்டு எழும்புவது உண்மையில் இரண்டு ஆண் சாரைகள் மல்லுக்கட்டுவது.) புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த நான், 1749இல் புய்ஃபோன் எழுதிய விதியைக் காட்டி அவளை மடக்கினேன்: கூடிப் பிறக்கும் குட்டி மலடானால் பெற்றவை வேறு வேறு இனம். குதிரை, கழுதை, கோவேறு கழுதை போல.

அந்த விதி ஐரோப்பிய விரியன்களிடம் செல்லவில்லை. மூக்கு நுனியில் சிறு கொம்புள்ள ஒரு விரியனுக்கு 1878இல் ஸ்பெயின்காரர் போஸ்கா, பிரெஞ்சுக்காரர் லத்தாஸ்தின் பெயரை வைத்தார். மறு வருஷமே லத்தாஸ்த் ஒரு சாலமாண்டருக்குப் போஸ்காவின் பெயரைச் சூட்டிக் கடனைத் தீர்த்துவிட்டார்!

வடஸ்பெயினில் எப்ரோ ஆற்றின் மேல்பகுதியில் இந்தக் கொம்பு விரியனும் ஆஸ்பிஸ் விரியனும் சந்தித்துக் கலக்கின்றன. கலப்புக் குட்டிகள் மலடல்ல. மூக்குகூட இரண்டுக்கும் நடுவாக இருக்கும். அப்படியும் இரண்டினமும் ஒன்றாகிவிடவில்லை. ஆஸ்பிஸுக்கு ஈரமான பக்கம், கொம்பு விரியனுக்கு வறண்ட பக்கம். இடைப்பட்ட நிலத்தில் கலப்பு பிழைக்கிறது. அதைத் தாண்டினால் அந்தந்த மண்ணுக்குப் பழகியதுடன் போட்டி போட முடிவதில்லை. பிரித்து வைப்பது மலட்டுத்தன்மை அல்ல, இயற்கைத் தேர்வு.

சாரையும் நாகமும் சேராது என்று நான் சொன்னது சரி. சொன்ன காரணம்தான் போதாது. திருத்திச் சொல்லப் பாட்டி இல்லை.