கியூபெக் விதைத்தது, டென்வர் அறுத்தது

தோற்றுக்கொண்டே இருக்கும் ஒரு விளையாட்டு அணியை என்ன செய்வது? இரண்டே வழிதான். ஒன்று, அங்கங்கே ஒட்டுப் போட்டுக் காலத்தை ஓட்டுவது. இன்னொன்று, வீட்டையே இடித்துவிட்டு அஸ்திவாரத்திலிருந்து புதிதாகக் கட்டுவது. வட அமெரிக்காவின் தொழில்முறை ஐஸ் ஹாக்கியில் இந்த இரண்டாவது வழிக்கு ‘ரீபில்ட்’ என்று பெயர்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கட்டி முடிக்கும் வரை வெயிலிலும் மழையிலும் நிற்பவர் ஒருவர், கிரகப்பிரவேசம் நடத்துபவர் வேறொருவர் என்றால்? அப்படித்தான் நடந்தது, கனடாவின் கியூபெக் நகரத்தில்.

முதலில் ஆட்டத்தின் பொருளாதாரம் கொஞ்சம் தெரிந்துகொள்வோம். ஐபிஎல்லில் இருப்பது போன்ற ஏலம் என்.எச்.எல். லீக்கில் கிடையாது. அங்கே இருப்பது ‘டிராஃப்ட்’. ஆண்டுதோறும் பதினெட்டு வயதை ஒட்டிய புதிய ஆட்டக்காரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும். அந்த வரிசை தலைகீழானது. கடைசி இடத்தில் முடித்த அணிக்கு முதல் வாய்ப்பு! 1995ல்தான் இதில் குலுக்கல் முறை வந்தது. அதற்கு முன்பு கடைசி இடம் என்றால் முதல் தேர்வு உறுதி. அதாவது தோல்விக்கும் ஒரு விலை உண்டு. பொறுமை இருந்தால் அதை வசூலிக்கலாம்.

தோல்வியின் ஆண்டுகள்

கியூபெக் நோர்டிக்ஸ் அணி 1972ல் டபிள்யூ.எச்.ஏ. என்ற போட்டி லீக்கில் பிறந்தது. அந்த லீக் மூடப்பட்டபோது, 1979ல் எட்மன்டன், வின்னிபெக், ஹார்ட்ஃபோர்ட் அணிகளோடு என்.எச்.எல்.லுக்குள் நுழைந்தது. பிரெஞ்சு பேசும் ஊர். புறநகரையும் சேர்த்து மக்கள்தொகை ஏழு லட்சத்துக்கும் குறைவு. லீக்கின் மிகச் சிறிய சந்தைகளில் ஒன்று. அருகிலேயே மான்ட்ரியால் என்ற பெரிய நகரம், அங்கே புகழ்பெற்ற கனேடியன்ஸ் அணி. பெரியண்ணன் வீட்டுக்குப் பக்கத்தில் குடியிருக்கும் தம்பியின் நிலைமை!

1980களில் நோர்டிக்ஸ் நன்றாகவே ஆடியது. செக்கோஸ்லோவாகியாவிலிருந்து தப்பி வந்த பீட்டர் ஸ்டாஸ்ட்னியும் அவருடைய சகோதரர்களும், மிஷேல் கூலேயும் அணியின் தூண்கள். ஆனால் தூண்களுக்கும் வயதாகும். 1988-89ல் அணி கடைசி இடத்துக்குச் சரிந்தது. அடுத்த ஆண்டும் கடைசி. அதற்கடுத்த ஆண்டும் கடைசி!

1989-90 பருவம்தான் அடிமட்டம். 80 ஆட்டங்களில் 12 வெற்றி, 61 தோல்வி, 7 சமன். மொத்தம் 31 புள்ளிகள். அந்தப் பருவத்தின் நடுவே, 1990 மார்ச்சில், ஸ்டாஸ்ட்னியும் கூலேயும் வேறு அணிகளுக்கு அனுப்பப்பட்டார்கள். ஊர் கொண்டாடிய இருவர் ஒரே மாதத்தில் போய்விட்டார்கள். வணிகவியல் மொழியில் சொன்னால், நடப்புச் சொத்துகளை விற்று எதிர்கால வருமானத்தை வாங்கும் வேலை. ரசிகர்களுக்கோ அது வீட்டில் ஆள் குறைந்தது போல.

பலன் என்ன? மூன்று ஆண்டுகள் தொடர்ந்து முதல் தேர்வு. 1989ல் ஸ்வீடனின் மாட்ஸ் சுண்டின் (டிராஃப்டில் முதலிடம் பெற்ற முதல் ஐரோப்பியர் இவர்தான்). 1990ல் ஓவன் நோலன். 1991ல் எரிக் லிண்ட்ராஸ்.

இவர்களோடு இன்னொருவரும் இருந்தார். 1987ல் டேல் ஹன்டர் என்ற ரசிகர்களின் செல்லப்பிள்ளையை வாஷிங்டனுக்குக் கொடுத்தபோது, பதிலுக்கு ஒரு முதல் சுற்றுத் தேர்வு உரிமையும் கிடைத்தது. அதை வைத்து 15வது ஆளாக எடுக்கப்பட்ட பையனின் பெயர் ஜோ சாக்கிக். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

வரமாட்டேன் என்ற மாப்பிள்ளை

லிண்ட்ராஸ் அந்தத் தலைமுறையின் மிகப் பெரிய நம்பிக்கை என்று பேசப்பட்டவர். ஆனால் அவர் கியூபெக்குக்கு வர மறுத்துவிட்டார். டிராஃப்ட் மேடையில் அணியின் சட்டையைக்கூட அணியவில்லை. ஒரு முழு ஆண்டு ஒப்பந்தம் போடாமலே இருந்தார். அதற்கிடையே 1992 ஒலிம்பிக்கில் கனடாவுக்காக ஆடி வெள்ளியும் வென்றார். கியூபெக் மக்களுக்கு இது அவமானம். ஊரே ஒன்றாகக் கொதித்தது.

ஆனால் அவமானத்தையும் முதலாக்கலாம். 1992 ஜூனில் அணியின் தலைவர் மார்செல் ஓபூ அவரை விற்க முடிவு செய்தார். ஒரே ஆளை பிலடெல்பியாவுக்கும் நியூயார்க் ரேஞ்சர்ஸுக்கும் விற்றுவிட்டதாகத் தகராறு வந்து, நடுவர் ஒருவர் விசாரித்துப் பிலடெல்பியாவுக்குத் தீர்ப்பளித்தார். கியூபெக்குக்குக் கிடைத்தது என்ன தெரியுமா? ஆறு ஆட்டக்காரர்கள், இரண்டு முதல் சுற்றுத் தேர்வு உரிமைகள், கூடவே ஒன்றரைக் கோடி அமெரிக்க டாலர் ரொக்கம். அந்த ஆறு பேரில் ஒருவர், அப்போது ஸ்வீடனில் ஆடிக்கொண்டிருந்த 18 வயது பீட்டர் ஃபோர்ஸ்பெர்க்.

அடுத்த பருவத்திலேயே மாற்றம் தெரிந்தது. 1991-92ல் 52 புள்ளிகள். 1992-93ல் 104. சரியாக இரு மடங்கு! பிளேஆஃப் முதல் சுற்றில் மான்ட்ரியாலை எதிர்த்து முதல் இரண்டு ஆட்டங்களையும் வென்றது நோர்டிக்ஸ். பிறகு நான்கு ஆட்டங்களைத் தொடர்ந்து தோற்றது. மான்ட்ரியாலின் கோல்கீப்பர் பாட்ரிக் ருவா. அந்த ஆண்டு ஸ்டான்லி கோப்பையும் மான்ட்ரியாலுக்கே போனது.

1994-95ல் ஃபோர்ஸ்பெர்க் வந்து சேர்ந்தார், சிறந்த புதுமுக விருதையும் வாங்கினார். உரிமையாளர்களுக்கும் ஆட்டக்காரர்களுக்கும் நடந்த சம்பளச் சண்டையால் 48 ஆட்டங்களாகச் சுருங்கிய அந்தப் பருவத்தில் நோர்டிக்ஸ் 30ல் வென்று கிழக்குப் பிரிவில் முதலிடம் பிடித்தது. முதல் சுற்றில் ரேஞ்சர்ஸிடம் தோற்றாலும், அணி தயாராகிவிட்டது என்பது எல்லோருக்கும் தெரிந்தது.

ஆனால் அதுதான் கியூபெக் நகரம் பார்த்த கடைசிப் பருவம்.

கணக்குப் புத்தகம் சொன்ன கதை

ஏன்? டிக்கெட் விற்றது கனடிய டாலரில். ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் கொடுத்தது அமெரிக்க டாலரில். 1991ல் ஒரு கனடிய டாலரின் மதிப்பு சுமார் 87 அமெரிக்க சென்ட். 1995ல் அது சுமார் 73 சென்ட். ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு கோடி அமெரிக்க டாலர் சம்பளம் கொடுக்க 1991ல் ஏறக்குறைய 1.15 கோடி கனடிய டாலர் போதும். 1995ல் 1.37 கோடி வேண்டும். சம்பளத்தை ஒரு காசுகூட உயர்த்தாமலே செலவு ஏறிவிட்டது!

சம்பளமோ உயராமலும் இல்லை. மொத்தச் சம்பளத்துக்கு உச்சவரம்பு அப்போது கிடையாது. அது 2005ல்தான் வந்தது. இளம் ஆட்டக்காரர்கள் நட்சத்திரமானால் நட்சத்திரச் சம்பளம் கேட்பார்கள். ரீபில்ட் வெற்றி பெறப் பெற, செலவும் கூடும். 1949ல் திறந்த பழைய அரங்கம் அந்த வருமானத்தைத் தரவில்லை. புதிய அரங்கத்துக்காக ஓபூ மாகாண அரசின் உதவியை நாடினார். பேச்சு கூடிவரவில்லை. 1995 மே மாதம் அணி 7.5 கோடி அமெரிக்க டாலருக்கு காம்சாட் என்ற அமெரிக்க நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. அணி டென்வருக்குப் போனது. பெயர் கொலராடோ அவலாஞ்ச் என்று மாறியது.

1995 டிசம்பரில் மான்ட்ரியாலில் ஒரு ஆட்டம். டெட்ராய்ட் 11, மான்ட்ரியால் 1. ஒன்பது கோல் வாங்கும் வரை வெளியே எடுக்கப்படாத பாட்ரிக் ருவா, இனி இந்த அணிக்கு ஆடமாட்டேன் என்று சொல்லிவிட்டார். நான்கே நாளில் அவரைக் கொலராடோ வாங்கியது. பதிலுக்குப் போன மூவரில் ஒருவர் ஜோஸ்லின் திபோ என்ற இளம் கோல்கீப்பர். அவர் லிண்ட்ராஸ் பேரத்தில் வந்த தேர்வு உரிமையில் எடுக்கப்பட்டவர்! அணி கியூபெக்கிலேயே இருந்திருந்தால், மான்ட்ரியால் தன் கோல்கீப்பரைப் பக்கத்து ஊர் எதிரிக்குக் கொடுத்திருக்குமா? கொடுத்திருக்காது என்றே தோன்றுகிறது.

1996 ஜூன். இறுதிப் போட்டியில் ஃப்ளோரிடா அணியை 4-0 என்று வீழ்த்தி கொலராடோ ஸ்டான்லி கோப்பையை வென்றது. கடைசி ஆட்டம் மூன்றாவது கூடுதல் நேரம் வரை இழுத்தது. ஒரே கோலை அடித்தவர் ஊவே க்ரூப், முந்தைய ஆண்டு கியூபெக்கில் ஆடியவர். பிளேஆஃபின் சிறந்த ஆட்டக்காரர் விருது கேப்டன் ஜோ சாக்கிக்குக்கு. ஆம், அந்த 15வது பையன்தான். டென்வர் ரசிகர்கள் காத்திருந்தது ஒரே ஒரு பருவம்.

டென்வர் மக்களைக் குறை சொல்லவும் முடியாது. அவர்களுடைய பழைய ஹாக்கி அணி 1982ல் நியூ ஜெர்சிக்குப் போய்விட்டது. 1995ல், அதாவது நோர்டிக்ஸ் விற்கப்பட்ட அதே ஆண்டில், கோப்பையை வென்றது அந்த நியூ ஜெர்சி அணிதான்!

யாருடைய முதலீடு?

ஒரு நிறுவனத்தில் பணம் போட்டவருக்குப் பங்குப் பத்திரம் இருக்கும். நிறுவனம் விற்கப்பட்டால் அவர் பங்கு அவருக்கு வரும். 61 தோல்விகள் கண்ட பருவத்திலும் டிக்கெட் வாங்கி உட்கார்ந்திருந்த கியூபெக் ரசிகர் போட்டதும் முதலீடுதான். ஆனால் அது எந்த இருப்புநிலைக் குறிப்பிலும் ஏறவில்லை. விற்பனை விலையில் அவருக்குப் பங்கும் இல்லை. லாபத்தை உரிமையாளர் எடுத்துக்கொண்டார், கோப்பையை இன்னொரு ஊர் எடுத்துக்கொண்டது.

தோற்கும் அணியை இடித்துக் கட்டுவதைப் பற்றி யோசிப்பவர்கள் பெரும்பாலும் ஆட்டக்காரர்களைப் பற்றித்தான் பேசுகிறார்கள். யாரை விற்கலாம், யாரை எடுக்கலாம் என்று. கியூபெக் அதையெல்லாம் அநேகமாகச் சரியாகவே செய்தது. தவறியது அரங்கமும் நாணய மாற்றும் உச்சவரம்பும். அதாவது பனித்தளத்துக்கு வெளியே இருந்த கணக்கு.

2015ல் கியூபெக் நகரம் சுமார் 18,000 பேர் அமரக்கூடிய புதிய அரங்கத்தைத் திறந்தது. இருபது ஆண்டுகள் தாமதம். 2016ல் லீக் புதிய அணியை லாஸ் வேகாஸுக்குக் கொடுத்தது, கியூபெக்கின் விண்ணப்பத்தைத் தள்ளிவைத்தது. 2022ல் கொலராடோ மூன்றாவது முறை கோப்பை வென்றபோது, அந்த அணியைக் கட்டிய பொது மேலாளர் ஜோ சாக்கிக்.

கியூபெக் 1987ல் நட்ட மரம், டென்வரில் அப்போதும் காய்த்துக்கொண்டிருந்தது.